செல்போன் திருட்டு போனால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

மதுரை:-

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மொத்தமாக பூ வாங்கி, தெருத்தெருவாக கொண்டுபோய் விற்கும் பெண் அவர். வயது 45 இருக்கும். ஒரு முகூர்த்த நாள் அதிகாலை டவுன் பஸ்சில் கூடையோடு ஏறினார். நிற்க இடம் இல்லாத கூட்டம். இடுப்பில் சொருகி இருந்த மணிபர்சை எவனோ ஒரு மர்ம ஆசாமி நைசாக உருவி விட்டான். பஸ்சை விட்டு இறங்கிய பிறகு தான் அவருக்கே தெரிந்தது.

பர்சுக்குள் 9 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய செல்போன். அந்த செல்போன் கவருக்குள் ஒரு ஏ.டி.எம். கார்டு. கார்டு கூடவே, மறந்து போகக்கூடாது என்று நாலு இலக்க ரகசிய நம்பரை எழுதி மடித்து வைத்த துண்டுச்சீட்டு.

பக்கத்து கடை பையன் அவரது நம்பருக்கு போன் போட்டு பார்த்தான். "ரிங் போகுதுக்கா, எடுக்க மாட்டேங்கிறான்" என்றான். திரும்ப திரும்ப அடித்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து சுவிட்ச் ஆப் என்று வந்தது. பஸ் போன பாதையில் போய் தேடினார்கள். கண்டக்டரிடம் கேட்டார்கள். மதியம் வரை இப்படியே போனது. "போனா போகுது, பழைய போன் தானே" என்று அந்த பெண்ணும் மனசை தேற்றிக்கொண்டு வீட்டுக்கு போய்விட்டார்.

மூன்றாவது நாள் மகளிர் குழு தவணை கட்டுவதற்காக பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்கு போனவருக்கு தலையில் இடி. கணக்கில் இருந்த 17 ஆயிரம் ரூபாய் போயே போச்சு. செல்போன் திருட்டு போன அன்று காலை 8 மணிக்குள் இரண்டு தடவையாக ஏ.டி.எம்.மில் எடுத்து இருக்கிறார்கள். பணம் எடுத்ததற்கான மெசேஜ் வந்தது. ஆனால் அது வந்தது திருட்டு போன செல்போன் நம்பருக்கு!

4 மாதம் கழித்து அந்த செல்போனை போலீசார் மீட்டு கொடுத்தார்கள். 17 ஆயிரம் ரூபாய் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை.

இதில் இருந்து தெரிவது ஒன்றே ஒன்று தான். செல்போன் திருட்டு போனால் முதலில் தேட வேண்டியது செல்போனை அல்ல. முதலில் காப்பாற்ற வேண்டியது சிம் கார்டையும், வங்கி கணக்கையும். செல்போனை தேட பிறகு நேரம் இருக்கிறது. என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும்? அதன் விவரம் வருமாறு:-

சிம் கார்டு தான் சாவி

திருடனுக்கு செல்போனை விற்றால் சில ஆயிரம் கிடைக்கும். ஆனால் விவரமான திருடன் குறி வைப்பது அதற்குள் இருக்கும் சிம் கார்டை. உங்கள் செல்போனுக்கு பேட்டர்ன் லாக், விரல் ரேகை லாக் என்று எத்தனை பூட்டு போட்டு இருந்தாலும் சிம் கார்டை கழற்ற அது தடை அல்ல. கழற்றி வேறு செல்போனில் போட்டால் உங்கள் நம்பர் அவன் கையில். வங்கியில் இருந்து வரும் ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கே வரும்.

கூகுள் பே, போன் பே போன்ற யு.பி.ஐ. செயலிகள் சிம் கார்டை வைத்து தான் ஆளை அடையாளம் பார்க்கின்றன. யு.பி.ஐ. ரகசிய நம்பர் மறந்துவிட்டது என்று சொல்லி புதிதாக போட வேண்டும் என்றால், ஏ.டி.எம். கார்டின் கடைசி 6 இலக்கம், கார்டு காலாவதியாகும் மாதம், வருடம், கூடவே ஓ.டி.பி. ஆகியவற்றை கேட்கும். சில வங்கிகள் ஏ.டி.எம். ரகசிய நம்பரையும் கேட்கும்.

இப்போது யோசித்து பாருங்கள். நம்மில் எத்தனை பேர் செல்போன் கவருக்குள்ளேயே ஏ.டி.எம். கார்டை சொருகி வைத்து இருக்கிறோம்? கார்டை போட்டோ எடுத்து கேலரியில் வைத்து இருக்கிறோம்? ஏ.டி.எம். ரகசிய நம்பரை காண்டாக்டில் ஒரு ஆள் பெயர் மாதிரி சேவ் பண்ணி வைத்து இருக்கிறோம்? திருடனுக்கு வீட்டு சாவியையும் கொடுத்து, பீரோ சாவியையும் கொடுத்த கதை தான் இது.

முதல் வேலை: சிம் கார்டை முடக்குங்கள்

அதே கம்பெனி சிம் வைத்து இருக்கும் யாரிடமாவது செல்போனை வாங்குங்கள். 198 என்ற நம்பருக்கு அடியுங்கள். இது செல்போன் கம்பெனிகளின் புகார் எண். கட்டணம் கிடையாது. "என் சிம் கார்டு திருட்டு போய்விட்டது, உடனே முடக்குங்கள்" என்று சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, கடைசியாக எவ்வளவு ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தீர்கள் என்பது போல சில கேள்வி கேட்பார்கள். பதில் சரியாக இருந்தால் சிம்மை முடக்கி விடுவார்கள். புகார் எண் கொடுத்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே செல்போனில் இரண்டு சிம் போட்டு இருந்தால் இரண்டையும் முடக்க வேண்டும். வங்கியில் கொடுத்த நம்பர் எதுவோ அதை முதலில் முடக்குங்கள்.

பக்கத்தில் அந்த கம்பெனி சிம் வைத்திருப்பவர் யாரும் இல்லையா? அலையாதீர்கள். அருகில் இருக்கும் அந்த கம்பெனி ஷோரூமுக்கு நேராக போய்விடுங்கள்.

இரண்டாவது வேலை: வங்கிக்கு தகவல்

அடுத்த போன் வங்கிக்கு. ஏ.டி.எம். கார்டு, யு.பி.ஐ., செல்போன் வங்கி சேவை மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். வங்கியின் இலவச எண்ணை முன்கூட்டியே குறித்து வைத்து இருப்பது நல்லது. உதாரணத்துக்கு ஸ்டேட் வங்கியின் இலவச எண் 1800 1234. மற்ற வங்கிகளின் எண் பாஸ்புக்கிலும், ஏ.டி.எம். மையத்திலும் ஒட்டி இருக்கும். கூகுளில் தேடி கிடைக்கும் நம்பருக்கு மட்டும் அடிக்காதீர்கள். வங்கி பெயரில் போலி நம்பரை போட்டு வைத்து இருக்கும் மோசடி கும்பல்கள் உண்டு. இருக்கிற பணமும் போய்விடும்.

யு.பி.ஐ. லைட் பயன்படுத்துபவர்கள் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். அதில் சின்ன தொகையை ரகசிய நம்பர் போடாமலே அனுப்பலாம். செல்போனின் பூட்டு திறந்து விட்டால் அதில் வைத்து இருக்கும் பணம் கையில் வைத்து இருக்கும் சில்லரை மாதிரி தான்.

தகவல் சொன்ன நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது மிக முக்கியம். 2017-ம் ஆண்டு ஜூலை மாதம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்கு தகவல் சொல்லும் வரை போன பணத்துக்கு வாடிக்கையாளர் தான் பொறுப்பு. தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. ஒவ்வொரு நிமிடமும் காசு என்பது இங்கே வெறும் பேச்சு அல்ல. பூ வியாபாரம் செய்யும் பெண் ஏமாந்ததும் இந்த இடத்தில் தான். கார்டோடு ரகசிய நம்பரையும் எழுதி வைத்து இருந்தார். வங்கிக்கு தகவல் சொன்னதோ மூன்றாவது நாள். வங்கி கையை விரித்து விட்டது.

பணம் ஏற்கனவே போய்விட்டது என்று தெரிந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அடியுங்கள். இது இந்தியா முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். பணம் ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு மாறிக்கொண்டே இருக்கும். அது ஏ.டி.எம். வழியாக வெளியே போவதற்குள் சொன்னால் அந்த கணக்கை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

மூன்றாவது வேலை: தூரத்தில் இருந்தே பூட்டு

ஆண்ட்ராய்டு செல்போனாக இருந்தால் இன்னொருவர் செல்போனில் கூகுளின் 'பைண்ட் ஹப்' பகுதிக்கு போய் உங்கள் ஜிமெயில் முகவரியை போட்டு நுழையலாம். முன்பு இதற்கு 'பைண்ட் மை டிவைஸ்' என்று பெயர். 2025-ல் பெயரை மாற்றினார்கள். செல்போன் கடைசியாக எங்கே இருந்தது என்று மேப்பில் காட்டும். அங்கிருந்தே பூட்டலாம். ஐபோனாக இருந்தால் ஐகிளவுடில் 'பைண்ட் மை' பகுதிக்கு போய் 'லாஸ்ட் மோட்' போட வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. செல்போனில் இன்டர்நெட் இருந்தால் தான் இந்த பூட்டு வேலை செய்யும். சிம்மை முடக்கினால் இன்டர்நெட்டும் போய்விடும். அப்படி என்றால் எதை முதலில் செய்வது? கூட ஆள் இருந்தால் ஒருவர் செல்போனை பூட்டட்டும், அதே நேரத்தில் இன்னொருவர் 198-க்கு அடிக்கட்டும். தனி ஆளாக மாட்டிக்கொண்டால், பாஸ்வேர்டு ஞாபகத்துக்கு வரவில்லை என்றால், யோசிக்காமல் சிம்மை முடக்குங்கள். அதற்காக அரை மணி நேரம் பாஸ்வேர்டு தேடிக்கொண்டு இருக்கக்கூடாது.

செல்போனில் உள்ளதை எல்லாம் அழிக்கும் வசதியும் இதில் உண்டு. அவசரப்பட்டு அதை அமுக்காதீர்கள். அழித்துவிட்டால் செல்போன் இருக்கும் இடம் அதற்கு பிறகு தெரியாமல் போகலாம். முதலில் பூட்டு. இனி கிடைக்காது என்று தெரிந்த பிறகு அழிக்கலாம்.

மேப்பில் இடம் தெரிகிறது என்று நண்பர்களை கூட்டிக்கொண்டு நீங்களே கிளம்பி போய்விடாதீர்கள். அந்த படத்தை போலீசாரிடம் காட்டுங்கள். கத்தி வைத்து இருக்கிற ஆளிடம் செல்போனுக்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

நான்காவது வேலை: போலீஸ் ரசீது

"புகார் கொடுத்து என்ன ஆகப்போகுது" என்று பலபேர் போலீஸ் நிலையம் பக்கமே போவது இல்லை. அது தப்பு. இரண்டு காரணம். ஒன்று, திருட்டு போன செல்போனை முடக்க போலீஸ் புகார் நகல் கண்டிப்பாக வேண்டும். இரண்டு, உங்கள் சிம்மையோ செல்போனையோ வைத்து யாராவது குற்றம் செய்தால் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு தான். இத்தனை மணிக்கு என் செல்போன் திருட்டு போனது என்று காட்ட அந்த ரசீது தான் உங்களுக்கு கவசம்.

புகார் மனுவில் இவை இருக்க வேண்டும்: செல்போன் கம்பெனி, மாடல், கலர், ஐ.எம்.இ.ஐ. எண், சிம் நம்பர், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு போனது, கூட என்ன போனது. மனுவை கொடுத்ததும் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது கேட்டு வாங்குங்கள். வழக்குப்பதிவு செய்தால் எப்.ஐ.ஆர். நகல் இலவசமாக கொடுக்க வேண்டும்.

திருட்டு என்றால் திருட்டு என்றே எழுதுங்கள். "காணாமல் போச்சுன்னு எழுதிக்கொடுங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று யாராவது சொன்னால் மாற்றி எழுத வேண்டிய அவசியம் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் திருட்டு என்பது 303-வது பிரிவு. பைக்கில் வந்து கையில் இருந்து பறித்துக்கொண்டு போனால் அது 304-வது பிரிவு. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் இந்த சட்டம் அமலில் இருக்கிறது. செல்போனுக்கு இன்சூரன்ஸ் போட்டு இருப்பவர்களுக்கு 'திருட்டு' என்ற வார்த்தை இன்னும் முக்கியம்.

"இது எங்க எல்லை இல்ல" என்று ஒரு நிலையத்தில் சொன்னால் என்ன செய்வது? ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கியவருக்கு செல்போன் எந்த எல்லையில் போனது என்று எப்படி தெரியும்? அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவுப்படி சம்பவம் எந்த எல்லையில் நடந்து இருந்தாலும் தகவலை வாங்கி பதிவு செய்யலாம். இதைத்தான் ஜீரோ எப்.ஐ.ஆர். என்கிறார்கள். பிறகு சம்பந்தப்பட்ட நிலையத்துக்கு அது மாற்றப்படும். வாங்கவே மறுத்தால் அதே பிரிவில் சொல்லி இருப்பது போல புகாரை மாவட்ட போலீஸ் சூப்பிரண்டுக்கு தபாலில் அனுப்பலாம். மதுரை மாநகர எல்லையாக இருந்தால் போலீஸ் கமிஷனர் அலுவலகம். நேரில் போக முடியாதவர்கள் தமிழ்நாடு போலீசின் இணையதளம் வழியாகவும் புகார் அனுப்பலாம்.

ரெயிலில் போனால் 139 என்ற எண்ணுக்கு அடியுங்கள். ரெயிலுக்குள் இருக்கும் ரெயில்வே பாதுகாப்பு படையினரிடம் சொல்லலாம். இறங்கும் ஸ்டேஷனில் இருக்கும் ரெயில்வே போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். பெட்டி எண், இருக்கை எண், கடைசியாக தாண்டிய ஸ்டேஷன் ஆகியவற்றை குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது வேலை: டூப்ளிகேட் சிம்

ஆதார் கார்டோடு செல்போன் கம்பெனி ஷோரூமுக்கு போய் அதே நம்பரில் புது சிம் வாங்குங்கள். புது சிம் வேலை செய்ய ஆரம்பித்ததும் பழைய சிம் தானாக செத்துவிடும்.

பலபேர் மாட்டிக்கொள்வது இங்கே தான். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டும். மனைவி பயன்படுத்தும் சிம் வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவர் பெயரில் இருக்கும். அம்மாவின் சிம் சென்னையில் படிக்கும் மகன் பெயரில் இருக்கும். சில வீடுகளில் யார் பெயரில் வாங்கினோம் என்பதே மறந்து போய் இருக்கும். இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கி கணக்கோடு இணைத்து இருக்கும் நம்பர் அவரவர் பெயரில் இருப்பது தான் நல்லது.

புது சிம்மில் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது. சிம் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். வேறு ஒருவர் உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி பணத்தை சுருட்டுவதை தடுப்பதற்காக வைத்து இருக்கும் ஏற்பாடு இது. 24 மணி நேரம் கழித்து ஓ.டி.பி. வரும்.

சிம் கிடைத்ததும் வேறு செல்போனில் உங்கள் நம்பரில் வாட்ஸ்அப்பை திறந்து விடுங்கள். பழைய செல்போனில் இருக்கும் வாட்ஸ்அப் நின்றுவிடும். அதுவரைக்கும் சொந்தக்காரர்களுக்கு தகவல் சொல்லி வையுங்கள். "அவசரம், ஆஸ்பத்திரியில் இருக்கேன், 10 ஆயிரம் அனுப்புங்க மாமா" என்று உங்கள் நம்பரில் இருந்தே மெசேஜ் போகலாம். மாமாவும் அனுப்பிவிடுவார்.

ஆறாவது வேலை: செல்போனையே முடக்குவது

இதுவரை சொன்னது எல்லாம் பணத்தை காப்பாற்ற. இனி செல்போனுக்கு வருவோம்.

ஒவ்வொரு செல்போனுக்கும் 15 இலக்கத்தில் ஐ.எம்.இ.ஐ. என்ற எண் உண்டு. மனிதனுக்கு கைரேகை மாதிரி. சிம்மை மாற்றினாலும் இது மாறாது. இரண்டு சிம் போடும் செல்போனில் இரண்டு எண் இருக்கும். செல்போன் வாங்கிய பெட்டியின் மேலும், பில்லிலும் அச்சடித்து இருக்கும். ஆன்லைனில் வாங்கி இருந்தால் பில்லை மறுபடி டவுன்லோடு செய்யலாம்.

இந்த எண்ணை வைத்து செல்போனை முடக்கும் திட்டத்துக்கு சி.இ.ஐ.ஆர். என்று பெயர். மத்திய தொலைத்தொடர்பு துறை நடத்துகிறது. 2019-ம் ஆண்டு செப்டம்பரில் மும்பையில் சோதனை முறையில் தொடங்கி, அதே ஆண்டு டிசம்பரில் டெல்லிக்கு வந்தது. 2023-ம் ஆண்டு மே மாதம் 'சஞ்சார் சாத்தி' என்ற இணையதளம் மூலம் நாடு முழுவதும் கொண்டு வந்தார்கள். 2025 ஜனவரியில் செல்போன் செயலியாகவும் வந்துவிட்டது. கட்டணம் எதுவும் கிடையாது.

சஞ்சார் சாத்தி தளத்தில் தொலைந்த, திருட்டு போன செல்போனை முடக்கும் பகுதிக்கு போக வேண்டும். சிம் நம்பர், ஐ.எம்.இ.ஐ. எண் (இரண்டு இருந்தால் இரண்டும்), கம்பெனி, மாடல், போன இடம், தேதி, போலீஸ் நிலையம், புகார் எண் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். புகார் நகலையும், அடையாள அட்டையையும், பில் இருந்தால் அதையும் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். கடைசியில் ஓ.டி.பி. கேட்கும். இதற்குத்தான் டூப்ளிகேட் சிம்மை முன்னாடியே வாங்கச் சொன்னது.

முடிந்ததும் ஒரு கோரிக்கை எண் வரும். அதை பத்திரமாக எழுதி வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் அந்த செல்போன் முடக்கப்படும். பிறகு அதில் இந்தியாவில் உள்ள எந்த கம்பெனி சிம்மை போட்டாலும் வேலை செய்யாது. யாராவது புது சிம் போட்டு பார்த்தால் அந்த தகவல் போலீசாருக்கு போகும். மாவட்டந்தோறும் எஸ்.பி. அலுவலகத்தில் மேஜையில் வரிசையாக அடுக்கி வைத்து உரியவர்களிடம் செல்போன்களை ஒப்படைக்கிறார்களே, அவற்றில் பல இந்த வழியாக பிடிபட்டவை தான்.

பூக்கார பெண்ணுக்கு செல்போன் திரும்பி வந்ததும் இப்படித்தான். அவரது அக்கா மகன் பெட்டியை தேடி எடுத்து, எண்ணை பார்த்து, ரசீதோடு பதிவு செய்து இருந்தான்.

செல்போன் கிடைத்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதே தளத்தில் கோரிக்கை எண்ணை போட்டு முடக்கத்தை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் செல்போன் உங்கள் கையிலேயே செத்துக்கிடக்கும்.

"உங்கள் போன் கிடைத்துவிட்டது" - உஷார்!

சில நாள் கழித்து புது சிம்முக்கு ஒரு மெசேஜ் வரலாம். "உங்கள் செல்போன் கண்டுபிடிக்கப்பட்டது. இருக்கும் இடத்தை பார்க்க இந்த லிங்கை தொடவும்" என்று இருக்கும். தொட்டால் பாஸ்வேர்டு கேட்கும். சந்தோஷத்தில் போட்டு விடாதீர்கள். பூட்டிய செல்போனை திறக்க முடியாமல் திருட்டு கும்பல் விரிக்கும் வலை அது. முக்கியமாக ஐபோன் வைத்து இருந்தவர்களுக்கு இது அடிக்கடி வரும். போலீசார் செல்போனில் பாஸ்வேர்டு கேட்க மாட்டார்கள்.

பழைய செல்போன் வாங்குகிறீர்களா?

பாதி விலைக்கு கிடைக்கிறதே என்று பில் இல்லாத செல்போனை வாங்குபவர்கள் இதையும் படியுங்கள். திருட்டு பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்ப காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை. ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றி அடித்துக்கொடுக்கும் கடைக்காரருக்கு 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்பு சட்டத்தின் 42-வது பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

வாங்கும் முன்பு அந்த செல்போனில் *#06# என்று அழுத்துங்கள். திரையில் எண் வரும். பெட்டியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பிறகு உங்கள் செல்போனில் இருந்து ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்தை அடித்து, ஒரு இடம் விட்டு அந்த 15 இலக்க எண்ணை போட்டு, 14422 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். முடக்கப்பட்ட செல்போன் என்றால் பதிலில் தெரிந்துவிடும். சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். ஒரு நிமிட வேலை.

இன்றைக்கே செய்ய வேண்டியது

திருட்டு போன பிறகு ஓடுவதை விட இன்று ராத்திரி அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

* வீட்டில் உள்ள எல்லா செல்போனிலும் *#06# அழுத்தி, எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். செல்போனுக்குள்ளேயே சேவ் பண்ணினால் பிரயோஜனம் இல்லை.

* செல்போன் கவரில் இருந்து ஏ.டி.எம். கார்டை எடுத்துவிடுங்கள். ரகசிய நம்பர் எழுதிய சீட்டை கிழித்துப்போடுங்கள். கேலரியில் இருக்கும் கார்டு போட்டோவை அழியுங்கள்.

* செட்டிங்சில் 'சிம் லாக்' போடுங்கள். போட்டால் சிம்மை வேறு செல்போனுக்கு மாற்றும்போது ரகசிய நம்பர் கேட்கும். ஆனால் எச்சரிக்கை. முதலில் இருக்கும் நம்பரை செல்போன் கம்பெனியிடம் கேட்டு தெரிந்துகொண்டு செய்யுங்கள். மூன்று தடவை தப்பாக போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். திறக்க கம்பெனியிடம் பி.யு.கே. எண் வாங்க வேண்டும்.

* வாட்ஸ்அப்பில் இரண்டு கட்ட சரிபார்ப்பு போடுங்கள். பூட்டிய திரையில் மெசேஜ் தெரியாதபடி மாற்றுங்கள். தெரிந்தால் திரையை திறக்காமலே ஓ.டி.பி.யை படிக்கலாம்.

* பில், பெட்டி இரண்டையும் தூக்கி போடாதீர்கள்.

* வீட்டில் ஒருவருடைய நம்பரையாவது மனப்பாடம் செய்யுங்கள். செல்போன் போன அன்று யாருக்கு போன் போடுவது என்று தெரியாமல் பஸ் நிலையத்தில் முழிப்பவர்கள் ஏராளம்.

சித்திரை திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக்கரையில் நிற்கும் கூட்டத்தில் ஆகட்டும், தீபாவளிக்கு முந்தைய வாரம் விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்க முண்டியடிக்கும் கூட்டத்தில் ஆகட்டும், சட்டை மேல் பாக்கெட்டிலும் பேண்ட் பின் பாக்கெட்டிலும் செல்போனை வைக்காதீர்கள். பஸ்சில் ஏறும்போது படிக்கட்டில் தள்ளுமுள்ளு நடக்கும் அந்த அரை நிமிடம் தான் திருடர்கள் கைவரிசை காட்டும் நேரம்.

பூ வியாபாரம் செய்யும் அந்த பெண் இப்போது ஏ.டி.எம். கார்டை வீட்டில் வைத்து விட்டு தான் மார்க்கெட்டுக்கு வருகிறார். அவர் வீட்டு தினசரி காலண்டர் அட்டைக்கு பின்னால் ஒரு தாள் ஒட்டி இருக்கிறது. அதில் மகனின் கையெழுத்தில் 198, 1930, வங்கியின் இலவச எண், செல்போனின் 15 இலக்க எண் எல்லாம் வரிசையாக எழுதி இருக்கிறது. கடைசி வரியில், "முதலில் சிம், அப்புறம் தான் போன்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடிக்கோடு போட்டு இருக்கிறான்.